முதலில் லென்ஸ், பிறகுதான் காமிரா

(பத்தாம் வகுப்பு மாணவி)

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. எங்கள் பள்ளிப் புகைப்பட மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் நால்வரும் காமிரா வாங்கும் விஷயத்தில் அப்படித்தான் காலை விட்டோம். நாங்கள் பட்ட பாடு மற்றத் தோழியருக்கு வரக்கூடாது என்ற எண்ணத்தினால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பள்ளிச் சந்தையன்று எலுமிச்சைச் சாறும் உப்பு மாங்காயும் விற்றுச் சேர்த்த பணம், பெற்றோர் தந்த தொகை எல்லாம் சேர்ந்து ரூபாய் 17,000 எங்களிடம் இருந்தது. பழைய காமிராக்கள் விற்கும் ஒரு கடைக்கு ஆசிரியையுடன் சென்றோம். அங்கே நாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “அண்ணா, இது எத்தனை மெகாபிக்சல்?” இருபத்து நான்கு என்றார். அவ்வளவுதான், மகிழ்ச்சியுடன் வாங்கி வந்துவிட்டோம். அதில் பொருத்தியிருந்த லென்ஸை ஒருவரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

சென்ற மார்ச் மாதம் எங்கள் பள்ளி ஆயாம்மா ஓய்வு பெற்றார். நாங்கள் எல்.கே.ஜி. படித்த நாளிலிருந்து எங்கள் மூக்கைத் துடைத்து, தலை பின்னி, மதியச் சோறு ஊட்டியவர் அவர். “கண்ணுங்களா, உங்களோட சேர்ந்தாப்பல எனக்கு ஒரு படம் எடுத்துக் குடுங்க, வூட்டுல மாட்டிக்கறேன்” என்று கேட்டார். பிரிவுபசார விழா மாலையில், மண்டபத்துக் குழல்விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. நாற்பது படங்கள் எடுத்தோம். மறுநாள் பார்த்தால் ஒன்றில்கூட ஆயாம்மாவின் முகம் தெளிவாக இல்லை. ஃபிளாஷ் போட்டு எடுத்தவற்றில் முன்வரிசை சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தது. பின்வரிசையோ இருளில் மறைந்திருந்தது. அதற்குள் ஆயாம்மா இராசிபுரத்தை அடுத்த தம் ஊருக்குப் போய்விட்டார். எங்களுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் இப்படி ஆயிற்று? விடை எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், ஒளியியல் பாடத்தில்தான் இருந்தது.

காமிராவை நம் கண்ணுக்கு ஒப்பிடலாம். கண்மணியைப் போல லென்ஸின் நடுவே ஓர் ஒளித்துளை உண்டு. ‘எஃப்’ என்ற எழுத்துடன் வரும் எண் அதன் அளவைக் குறிக்கும். குவியத் தொலைவை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். எங்கள் 18–55 மி.மீ. லென்ஸை 50 மி.மீ. அளவில் வைத்தால் அதன் பெரும அளவு எஃப் 5.6 மட்டுமே, அதாவது 9 மி.மீ. துளை. அதே 50 மி.மீ. குவியத் தொலைவில் எஃப் 1.8 லென்ஸ் என்றால் துளை ஏறத்தாழ 28 மி.மீ. பரப்பளவைக் கணக்கிட்டால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளி உள்ளே வரும்! எண் சிறியதானால் துளை பெரியது என்பதைத் தோழியர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

ஒளி குறைந்தால் காமிரா என்ன செய்யும்? ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். அன்று மண்டபத்தில் 1/15 விநாடி திறந்திருந்தது. கையில் பிடித்து எடுக்கும்போது குவியத் தொலைவு 50 என்றால் 1/50 விநாடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்பது பொது விதி. எங்கள் காமிராவைப் போன்ற சிறிய சென்சாருக்கு 1/80 விநாடி நல்லது. 1/15 விநாடியில் எங்கள் கையும் ஆடியது, ஆயாம்மாவும் அசைந்தார். எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் அதே வெளிச்சத்தில் ஏறக்குறைய 1/150 விநாடி போதுமாக இருந்திருக்கும். ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தியும் ஈடு செய்யலாம்; ஆனால் பழைய காமிராவில் அது படத்தில் ரவை கொட்டினாற்போல் புள்ளிகளை உண்டாக்கிவிடும்.

மெகாபிக்சல் கதை என்ன? 8×12 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் மிக நேர்த்தியாக அச்சிடுவதற்கு 86 இலட்சம் புள்ளிகள் போதும். அதாவது ஒன்பது மெகாபிக்சலுக்கும் குறைவு. எங்களிடம் இருந்ததோ இருபத்து நான்கு. இல்லாததற்கு ஏங்காமல், இருப்பதற்கே மேலும் பணம் கொடுத்தோம்!

அடுத்ததாகக் குவியத் தொலைவு. இது குறைந்தால் காட்சி அகலும். கூடினால் காட்சி குறுகி, தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும். நம் ஊர்ப்பக்கத்துக் காட்சிகளைக் கொண்டே இதை விளக்கலாம்.

ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் வெயிலில் பரப்பியிருக்கும் வெண்மையை முழுதும் பிடிக்க 18 மி.மீ. போன்ற அகலக்கோண லென்ஸ் வேண்டும். அங்கே வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை; ஆகவே மலிவான லென்ஸே போதும். ஒன்றே ஒன்று: காமிரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதி அளப்பதால் வெள்ளை ஜவ்வரிசி அழுக்காகத் தெரியும். ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்தால் சரியாகிவிடும். நாமக்கல் மலைக்கோட்டையைக் கமலாலயக் குளத்தின் எதிர்க்கரையிலிருந்து எடுக்கவும் சாதாரண லென்ஸ் போதும். பாறை ஓடிவிடப் போவதில்லை. சேலத்து வெள்ளிக் கொலுசின் சலங்கையைப் படம் முழுதும் நிரப்ப வேண்டுமானால், மிக அருகில் குவியக்கூடிய மேக்ரோ லென்ஸ் தேவை. கன்னங்குறிச்சி மூக்கனேரித் திட்டுகளில் அமரும் கொக்குகளுக்கு 300 மி.மீ. தொலை லென்ஸாவது வேண்டும். தறி வீட்டுக்குள் நுழைந்தாலோ இடமும் குறைவு, ஒளியும் குறைவு. அங்கேதான் நல்ல லென்ஸின் அருமை தெரியும்.

ஆக, “எந்தக் காமிரா சிறந்தது?” என்று கேட்பதைவிட, “எதைப் படமெடுக்கப் போகிறோம்?” என்று கேட்பதே அறிவுடைமை. புகழ் பெற்றவர்களும் அப்படித்தான் கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம். 1858இல் சென்னையில் வெளியான ஒரு புகைப்படத் தொகுதியில், அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த இராயக்கோட்டையும் பிற இடங்களும் இடம் பெற்றன. எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி. அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வழக்கம் இல்லை. எவ்வளவு பெரிய படம் வேண்டுமோ அவ்வளவு பெரிய காமிரா வேண்டும். ஆகவே ஓர் அடிக்கு மேல் நீளமுள்ள மெழுகிட்ட தாள் நெகட்டிவ்களை அவர் பயன்படுத்தினார். கண்ணாடித் தகட்டை ஈரம் காயுமுன் கழுவியாக வேண்டும். மெழுகுத் தாளையோ முன்கூட்டியே தயாரித்துப் பயணத்தில் எடுத்துச் செல்லலாம். அதற்கு ஒளி அதிக நேரம் தேவைதான். ஆனால் மலையும் கோட்டையும் அசையுமா என்ன?

மனிதரைப் படமெடுப்பவருக்கு அது பயன்படாது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா (1913–2012) ஸ்பீட் கிராஃபிக், ரோலிஃபிளெக்ஸ் காமிராக்களைப் பயன்படுத்தினார். ரோலிஃபிளெக்ஸில் லென்ஸை மாற்ற முடியாது. பெரிதாக வேண்டுமானால் காலால் நடந்து அருகே செல்ல வேண்டும். சேலை கட்டிய பெண்ணாக, கனமான கருவிகளைச் சுமந்து, 1947 சுதந்திர நாளையும் 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் அவர் பதிவு செய்தார். 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். பெண்களாகிய நமக்கு இது எத்தகைய ஊக்கம்!

அருகே செல்ல முடியாத யானைகளையும் மான்களையும் எடுத்தவர் நம் தமிழர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். கடையில் கிடைத்த காமிரா தம் தேவைக்குப் போதாதபோது, பல பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒன்றை அமைத்துக்கொண்டார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இனி, பழைய கருவி வாங்கும் தோழியர் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, ஒரு நிறுவனத்தின் லென்ஸ் மற்றொரு நிறுவனத்தின் காமிராவில் பெரும்பாலும் நேரடியாகப் பொருந்தாது. பொருந்தினாலும் வேலை செய்யாமல் போகலாம். நிக்கானின் தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் பலவற்றில் குவியப்படுத்தும் மோட்டார் இல்லை. அவற்றில் பழைய வகை லென்ஸைப் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும்.

இரண்டாவது, லென்ஸின் ஒரு பக்கம் கைவிளக்கை அடித்து மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி வலை போல் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்கவே கூடாது. ஏற்காட்டு மழைக்காலத்தில் ஈரம் எளிதில் ஏறும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்தால் காப்பாற்றலாம். அரிசிப் பானைக்குள் வைக்க வேண்டாம். தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும்.

மூன்றாவது, ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்று கேளுங்கள். மெகாபிக்சலைவிட இந்தக் கேள்வியே முக்கியம்.

நான்காவது, வீட்டில் நல்ல கைப்பேசி இருந்தால் பகல் வெளிச்சத்துக் காட்சிகளுக்கு அதுவே போதும். நிழலும் ஒளியும் அதில் பழகிவிட்டுப் பிறகு செலவு செய்யலாம். கையிருப்பு குறைவானால் காமிரா பழையதாக இருக்கட்டும். பணத்தை லென்ஸில் போடுங்கள். அதே வகைப் பொருத்தம் உள்ள வரையில், காமிரா மாறினாலும் லென்ஸ் உடன் வரும்.

எங்கள் கதையின் முடிவைச் சொல்லாவிட்டால் கட்டுரை நிறைவு பெறாது. மீதிப் பணத்துடன் தீபாவளிக் காசையும் சேர்த்து, பழைய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை நவம்பரில் வாங்கினோம். அரையாண்டு விடுமுறையில் ஆசிரியையுடன் ஆயாம்மா வீட்டுக்குப் போனோம். சிறிய தறி வீடு. ஓடுகளுக்கிடையே பதித்த ஒரு கண்ணாடியும் வாசலும்தான் வெளிச்சம். எங்கள் காமிராவின் சென்சார் சிறியதாகையால் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலக் காட்சியைக் குறுக்கியது. ஐவரும் அடங்கவில்லை! பின்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் திண்ணையில் நின்று வாசல் வழியாக எடுக்க வேண்டியதாயிற்று. துளை பெரிதானால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும் என்பதால் எல்லோரும் ஒரே வரிசையில் ஆயாம்மாவை ஒட்டி அமர்ந்தோம், எஃப் 2.8 வைத்தோம். நாங்கள் நால்வரும் படத்தில் இருக்க வேண்டுமே! ஆயாம்மாவின் பேரன்தான் பொத்தானை அழுத்தினான்.

படத்தை அச்சிட்டுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தோம். ஆயாம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அந்தக் கடைசிப் பாப்பாவுக்கு யாரு தல பின்னி உட்டது? கோணலா இருக்குது” என்றார். பின்னல் கோணல் தெரியும் அளவுக்குப் படம் தெளிவாக இருந்தது. எங்களுக்கு வேறு பரிசு தேவைப்படவில்லை.

ஆகவே தோழியரே, எதை எடுக்க ஆசை என்று முதலில் தீர்மானியுங்கள். அதற்கேற்ற லென்ஸைத் தேடுங்கள். பிறகு காமிராவைப் பாருங்கள்.