இளைஞர் பணிக்கு நிதி கேட்டு எழுதுவோர் கவனத்திற்கு

மொன்றியல் வாழ் எமது சமூகம் கொடுக்கத் தெரியாத சமூகமன்று. கோயில் திருவிழாவுக்கு உபயம், ஊர்ச் சங்கத்துக்குச் சந்தா, பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனத்துக்கு நுழைவுச்சீட்டு, தாயகத்துப் பாடசாலைக்குக் கூரை என ஆண்டு முழுவதும் எமது கைகள் கொடுத்தவண்ணமே உள்ளன. ஆயினும் பார்க் எக்ஸ்டென்சனிலோ கோத்-டெ-நேஜிலோ பாடசாலை விட்டு வரும் பதினைந்து வயதுப் பிள்ளை, பெற்றோர் வேலை முடிந்து திரும்பும்வரை எங்கே இருக்கின்றது, யாரோடு இருக்கின்றது என்ற கேள்விக்கு எமது சங்கங்களிடம் நிலையான பதிலொன்று இல்லை. கலைவிழா மேடையில் அப்பிள்ளையை ஆண்டுக்கு ஒரு மாலை காண்கின்றோம். மீதி நாட்களுக்கு எம்மிடம் திட்டமில்லை.

இத்தகைய பணிகளுக்கென மத்திய அரசும், கியூபெக் அரசும், மாநகரசபையும், தனியார் அறக்கட்டளைகளும் ஆண்டுதோறும் நிதி வழங்குகின்றன. அது நாமும் செலுத்தும் வரிப்பணத்திலிருந்தும் வருவதே. எனினும் எமது அமைப்புகளுட் பல கேளாமலே இருந்துவிடுகின்றன. கேட்கும் சிலவும் ஒரு முறை மறுக்கப்பட்டதும் ஓய்ந்துவிடுகின்றன. இம் மறுப்புக்கு இனப் பாகுபாடே காரணம் என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் நாம் பார்வையிட நேர்ந்த விண்ணப்பங்கள் சிலவற்றைக் கொண்டு நோக்குமிடத்து, வேறொரு காரணமும் புலப்படுகின்றது.

அகதி மனுவின் நடை

இந்நாட்டில் எம்மவர் முதன்முதல் எழுதிய பெரும் விண்ணப்பம் தஞ்சக் கோரிக்கையே. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்ட 155 தமிழரும், அவர்களுக்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்திறங்கியோரும், தம் வாழ்வை அதிகாரி ஒருவருக்கு விளக்கியே இங்கு நிற்க இடம் பெற்றனர். 1989 இல் குடிவரவு அகதிகள் சபை தொழிற்படத் தொடங்கிய பின்னர் அவ்விளக்கம் ஒரு படிவமாயிற்று. 2012 டிசெம்பரில் அப்படிவத்தின் பெயரும் அமைப்பும் மாறின; எனினும் அதன் உள்ளடக்கம் மாறவில்லை. எமக்கு நேர்ந்த துன்பம் என்ன, யாருக்கு அஞ்சுகின்றோம், ஏன் திரும்பிச் செல்ல முடியாது என்பனவே அதன் கேள்விகள்.

அந்தக் கையே இன்று மானிய விண்ணப்பத்தையும் எழுதுகின்றது. ஆறு பக்க விண்ணப்பமொன்றில் நான்கு பக்கங்கள் 1958, 1977, 1983 என நீண்டு 2009 இல் வந்து முடியும். ஐந்தாம் பக்கத்தில் எமது மொழியின் தொன்மை கூறப்படும். இறுதிப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில், எமது இளைஞர்கள் வழிதவறாதிருக்க உதவுமாறு ஒரு வேண்டுகோள் காணப்படும். எத்தனை பிள்ளைகள், எந்த நாளில், எந்த மண்டபத்தில், யார் பொறுப்பில், என்ன செய்யப்போகின்றார்கள் என்ற செய்தி எங்குமே இராது.

எழுதப்பட்ட வரலாறு பொய்யன்று. ஆனால் அது வேறொரு கேள்விக்குரிய விடை. அகதிச் சபை எமது அச்சத்துக்குச் சான்று கேட்டது. மானியம் வழங்குவோர் எமது ஆற்றலுக்குச் சான்று கேட்கின்றனர். முன்னையதில் நாம் கையற்றவர்கள் என்பது வாதத்துக்கு வலுச் சேர்த்தது. பின்னையதில் அதே கூற்று வாதத்தைக் கெடுத்துவிடுகின்றது. கையற்றவர்களிடம் எவரும் பத்தாயிரம் டொலரை ஒப்படைக்கமாட்டார்.

பிள்ளைகளை எவ்வாறு எழுதுவது?

இதனினும் நுண்ணிய இடரொன்று உண்டு. தேவையை மெய்ப்பிக்கும் ஆர்வத்தில், எமது பிள்ளைகள் அனைவரையும் குழுச் சண்டைக்காரராகவும் போதைக்கு அடிமையாகப் போகின்றவராகவும் சித்திரிக்கும் விண்ணப்பங்கள் உள. மறுபுறம், குடும்ப மானம் கருதி எமது பிள்ளைகளிடம் எக்குறையுமில்லை என எழுதிவிட்டு நிதி கேட்போரும் உளர். இரண்டும் பிள்ளையைக் காணாத எழுத்துக்களே.

காண வேண்டியது கண்முன்னேதான் உள்ளது. 1977 ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி, குடிபெயர்ந்தோர் பிள்ளைகளுட் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பாடசாலைக்கே செல்கின்றனர். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, தெருவிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம். தந்தைக்கு வரும் அரசாங்கக் கடிதத்தை வாசித்துக் கூறுவது பன்னிரண்டு வயது மகள். ஆசிரியரைச் சந்திக்கச் செல்லும் தாய்க்கு மொழிபெயர்ப்பதும் யாரைப் பற்றிய முறைப்பாடோ அந்த மகனே. பின்னேர வேலைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்க இயலாது. பார்த்தாலும் அம்மொழி விளங்காது. இவை வெட்கப்பட வேண்டிய செய்திகளுமல்ல, மிகைப்படுத்த வேண்டிய செய்திகளுமல்ல. எத்தனை குடும்பங்களில் இந்நிலை என்பதை நாமே வீடு வீடாகக் கேட்டு எண்ணி எழுதினால், அதுவே 'தேவை' என்ற தலைப்பின் கீழ் வேண்டப்படும் சான்று.

ஒரு விதியை நாம் பரிந்துரைக்கின்றோம். எந்தப் பிள்ளையைப் பற்றி எழுதப்படுகின்றதோ அப்பிள்ளை அவ்விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் வாசிக்க வல்லது. சங்கக் கூட்டத்தில் அப்பிள்ளையின் முன் உரக்க வாசிக்கக் கூசும் வசனம் எதனையும் விண்ணப்பத்தில் எழுதலாகாது.

முதலில் வேண்டியவை

கியூபெக்கில் இலாப நோக்கற்ற நிறுவனமொன்றை நிறுவனங்கள் சட்டத்தின் மூன்றாம் பகுதியின் கீழ் அமைப்பதற்குக் குறைந்தது மூவர் தேவை. நிறுவனப் பதிவாளரிடமிருந்து பத்து இலக்கப் பதிவெண் கிடைக்கும். ஆண்டுதோறும் விபரங்களைப் புதுப்பிக்க வேண்டும். 'பதிவுபெற்ற தரும நிறுவனம்' என்பது இதனின் வேறானது. அத்தகுதியை வழங்குவது மத்திய வருமானவரி நிர்வாகம். வரிவிலக்குப் பற்றுச்சீட்டு வழங்கும் உரிமை அத்தகுதியோடுதான் வரும்; நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் கணக்கு விபரம் ஒப்படைக்கும் கடமையும் அதனோடு வரும். பல அறக்கட்டளைகள் தரும நிறுவனங்களுக்கே கொடுத்து வந்தன. 2022 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், சில நிபந்தனைகளோடு ஏனைய அமைப்புகளுக்கும் கொடுக்க வழிவிட்டுள்ளது. புதிதாகத் தொடங்கும் இளைஞர் குழுவொன்று, ஏற்கெனவே பதிவுபெற்ற அமைப்பொன்றின் பொறுப்பில் நிதியைப் பெற்று நடத்துவதும் வழக்கிலுள்ளது.

இவையெல்லாம் எமக்குப் புதியவையல்ல. யாழ்ப்பாணத்தின் ஊர்களில் சனசமூக நிலையங்களை நடத்தியவர்கள் தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டறிக்கை, கணக்கறிக்கை, வருடாந்தப் பொதுக்கூட்டம் ஆகியவற்றை நன்கறிந்தவர்கள். அவ்வொழுங்கு இங்குள்ள பல சங்கங்களில் தளர்ந்துவிட்டது. கணக்குக் கேட்பதை அவமதிப்பாகக் கருதும் மனப்பாங்கும் வளர்ந்துவிட்டது. சென்ற ஆண்டின் கணக்கறிக்கையும் கூட்டறிக்கையும் கையிலில்லாத சங்கம் மானியத்துக்கு எழுதத் தொடங்குமுன் அவற்றைச் சீர்செய்வதே நன்று.

கணக்கைக் காட்டும் முறை

எடுத்துக்காட்டாக, இருபத்தைந்து பிள்ளைகளுக்கு முப்பது வாரங்கள், வாரம் இரு மாலைகள், மாலைக்கு இரண்டு மணிநேரம் பாடசாலை வேலையில் உதவும் திட்டமொன்றைக் கொள்வோம். அறுபது மாலைகள், 120 மணிநேரம். இரு உதவி ஆசிரியருக்கு மணிக்கு 20 டொலர் வீதம் 4,800 டொலர். வேலைகொள்வோர் செலுத்த வேண்டிய பங்களிப்புகளுக்கு 600; இதனை எம்மவர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். மண்டபம் மாலைக்கு 40 டொலர் வீதம் 2,400. சிற்றுண்டி மாலைக்கு 20 டொலர் வீதம் 1,200. புத்தகம், தாள், எழுதுகருவிகள் 400. காப்புறுதியும் கணக்காய்வும் 600. ஆக மொத்தம் 10,000 டொலர். பிள்ளையொன்றுக்கு ஆண்டுக்கு 400 டொலர்.

இனி வரவு. கோயிலோ தேவாலயமோ மண்டபத்தை இலவசமாகத் தருமாயின், 2,400 டொலரை வரவிலும் செலவிலும் காட்டல் வேண்டும். ஊர்ச் சங்கம் 1,500 டொலர் தருகின்றது. பெற்றோர் பிள்ளைக்கு 20 டொலர் வீதம் 500 டொலர் தருகின்றனர். கேட்க வேண்டிய தொகை 5,600 டொலர் மட்டுமே. நிதி வழங்குவோர் இக்கணக்கில் இரண்டைக் காண்கின்றனர். ஒன்று, எழுதியவருக்குத் தாம் செய்யப்போகும் வேலை தெரியும். மற்றது, சமூகம் தன் கையையும் நீட்டியுள்ளது. 'மொத்தச் செலவு 10,000 டொலர்' என்ற ஒற்றை வரி இவ்விரண்டையும் காட்டாது.

திட்டத்தின் பயனை எவ்வாறு அறிவீர்கள் என்ற கேள்விக்கும் இதே முறையில் விடையளிக்கலாம். 'இளைஞரின் எதிர்காலம் ஒளிபெறும்' என்பது விடையன்று. முதல் மாதம் வந்தவருள் எத்தனை பேர் இறுதி மாதமும் வந்தனர், பிரெஞ்சுப் பாடத்தில் சித்தியடையாதிருந்தோருள் எத்தனை பேர் சித்தியடைந்தனர் என்பன விடைகள். வரவு இடாப்பை மாலைதோறும் எழுதி வந்தாலே இதற்குப் போதும். இருபத்தைந்தை நாற்பதாக்கி எழுதுவது அடுத்த ஆண்டின் கதவை நாமே சாத்திக்கொள்வதாகும்.

எங்கே கேட்பது?

மத்திய அரசின் 'கனடா கோடைகால வேலைகள்' திட்டம் 15 முதல் 30 வயது வரையான இளைஞரை வேலைக்கமர்த்த உதவுவது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மாகாணத்தின் குறைந்தபட்ச ஊதியம் முழுவதையும் ஈடுசெய்யக்கூடியது. ஆனால் கனடியப் பிரசைகள், நிரந்தர வதிவுரிமை பெற்றோர், அகதிப் பாதுகாப்பு வழங்கப்பட்டோர் ஆகியோரே இதன்கீழ் வேலை பெறலாம். தஞ்சக் கோரிக்கை முடிவாகாத இளைஞருக்கு இதில் இடமில்லை. ஆகையால் பொய்யான நம்பிக்கை ஊட்டலாகாது. ஒவ்வோர் அறிவித்தலிலும் 'தகுதியுடையோர்' என்ற பகுதியை முதலில் வாசித்து, தஞ்சம் கோருவோரின் பிள்ளைகளையும் ஏற்கும் நிதியைத் தேடிக் கேட்பது எமது கடமை.

கியூபெக் அரசு 2001 இல் வெளியிட்ட சமூகச் செயற்பாட்டுக் கொள்கை, அமைப்பின் முழுப் பணிக்கான உதவி, சேவை ஒப்பந்தம், குறித்தகாலத் திட்டம் என மூவகை நிதியை வேறுபடுத்துகின்றது. எம்மவர் நாடுவது பெரும்பாலும் மூன்றாவதையே. ஆண்டு முடிய அது நின்றுவிடும், பிள்ளைகளும் கலைந்துவிடுவர். சில ஆண்டுகள் ஒழுங்காகப் பணியாற்றி முதலாம் வகையை நோக்கி நகர்வதே அறிவுடைமை. சென்ட்ரெயிட் நிறுவனம், 1937 இல் தோன்றிய மக்கொனல் அறக்கட்டளை போன்றனவும் மொன்றியலில் உள்ளன. அவற்றின் நோக்கங்கள் காலத்துக்குக் காலம் மாறுவதால் எழுதுமுன் விசாரித்தல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் செல்லவேண்டிய இடம் அயல் வட்டாரச் சபை. மாநகரின் வட்டாரங்களில் முப்பதளவில் இயங்கும் இச்சபைகளில் பாடசாலை, நூலகம், 12 முதல் 17 வயதினருக்கான இளைஞர் இல்லம், வேலைவாய்ப்பு நிலையம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் ஒன்றாக அமர்கின்றனர். அங்கே எமது நாற்காலி வெறுமையாக இருக்குமாயின், ஆதரவுக் கடிதம் கேட்கும் நாளில் எம்மை எவரும் அறிந்திரார்.

யார் எழுதுவது?

2022 ஆம் ஆண்டின் மொழிச் சட்டத் திருத்தத்தின்படி, 2023 யூன் முதலாம் திகதி தொடக்கம், மாகாண, மாநகர நிர்வாகங்களிடம் நிதியுதவி கோரி ஓர் அமைப்பு சமர்ப்பிக்கும் எழுத்துக்கள், சில விதிவிலக்குகள் தவிர, பிரெஞ்சிலேயே இருத்தல் வேண்டும். எமது சங்கங்களின் நிர்வாகக் குழுவினருட் பலர் இதனைப் பெருந்தடையாகக் கருதுகின்றனர். ஆனால் எமது வீடுகளிலேயே அம்மொழியை முறையாகக் கற்றவர்கள் இருக்கின்றார்கள். கதிரை அடுக்கவும் வாகனங்களுக்கு வழிகாட்டவும் மட்டுமே நாம் அழைக்கும் இளைஞர்களே அவர்கள்.

1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கம், 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் அப்போது இளைஞர்களே. 1998 இல் ரொறன்ரோவில் இளைஞர் வன்முறை எமது சமூகத்தை உலுக்கிய வேளையில் தோன்றிய கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி நிலையத்தையும் இளைஞர்களே முன்னின்று அமைத்தனர். எமது பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களைக் கேளாது நாம் தீர்மானிக்கும் திட்டம், பணம் கிடைத்தாலும் வெறும் மண்டபத்தில்தான் நடக்கும்.

எனவே சங்கங்களின் பெரியோரிடம் நாம் வேண்டுவது இதுவே. அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு இருபது வயதளவிலான நால்வரை அழையுங்கள். கணக்குப் புத்தகத்தை அவர்கள்முன் திறந்து வையுங்கள். தேவையை அவர்கள் எண்ணட்டும். பிரெஞ்சில் அவர்கள் எழுதட்டும். நிர்வாகக் குழுவில் வாக்குரிமையோடு அமரட்டும். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, அடுத்த ஆண்டு திருத்தி அனுப்பட்டும். அவர்கள் விண்ணப்பம் எழுதப் பழகும் அம்மாலைகளே எமது சங்கங்களின் முதல் இளைஞர் திட்டமாக அமையலாம். அதற்கு எவரிடமும் மானியம் கேட்கவேண்டியதில்லை.