நீர் மத்திய அரசுக்கு, விளையாட்டு மாநிலத்துக்கு: சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு படகு மன்றம்

புது தில்லி: 2021-ல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் பிரிவில் இந்தியாவின் சார்பில் களமிறங்கிய நால்வருமே தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகியோர் சென்னையில் பயின்றவர்கள். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ராணுவத்தின் வழியாக வந்தவர். இந்த இடம் தமிழகத்துக்கு எப்படிக் கிடைத்தது என்று தேடினால், சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

சென்னை இயற்கைத் துறைமுகம் அல்ல. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலா படகுகளில்தான் பயணிகளும் சரக்குகளும் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தன. 1904-ல் துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவரான பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அலையும் மணலும் புகுந்த கிழக்கு வாயிலை மூடச் செய்து, வடகிழக்கில் புதிய வாயிலை அமைத்தார். உள்ளே நீர் அடங்கியது. அந்த அமைதியான நீரில் 1911-ல் அவரே தொடங்கியதுதான் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அது அமைந்துள்ள ஸ்பிரிங்ஹேவன் துறையும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மறு ஆண்டு மார்ச்சில், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அதே துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். தமிழர்கள் ஸ்பிரிங்கை நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

நீருக்குப் பொறுப்பாளரே மன்றத்தின் நிறுவனராகவும் இருந்ததால் அன்று இடம் கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை. ராணுவத்துக்கும் அந்தக் கவலை இல்லை. பெங்களூரு சிவாஜிநகரை அடுத்த அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் உள்ளது. அப்பிரிவும் அங்கம் வகிக்கும் ராணுவப் பொறியாளர் படையின் அதிகாரிகள்தான் 1985 செப்டம்பரில் மும்பையிலிருந்து 'திரிஷ்ணா' படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 1987 ஜனவரியில் திரும்பினார்கள். பாய்மரப் படகில் இந்தியர்கள் உலகை வலம் வந்தது அதுவே முதல் முறை.

மற்றவர்களின் நிலை வேறு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலில் உள்ளன. விளையாட்டோ மாநிலப் பட்டியலில் உள்ளது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம், துறைமுக நிலத்தைப் பயன்படுத்துவதில் ஆணைய வாரியத்துக்குக் கூடுதல் அதிகாரம் அளித்தது. சரக்குப் போக்குவரத்தையும் வருவாயையும் பார்க்கும் வாரியம், சிறுவர்களின் படகுப் பயிற்சிக்குத் தானாக முன்வந்து இடம் ஒதுக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

துறைமுகத்தின் வடபுறத்தை ஒட்டியே காசிமேடு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. காற்றின் போக்கைத் தலைமுறைகளாக அறிந்த குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. அக்குடும்பத்துச் சிறுவன் பந்தயப் படகில் ஏற வேண்டுமானால், விலையுயர்ந்த படகு ஒருபுறமிருக்க, மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் காவல் காக்கும் வாயிலைக் கடக்க முதலில் அனுமதிச் சீட்டு வேண்டும். அவர்களுக்கென ஒரு பயிற்சித் துறை கேட்டுத் தமிழக எம்.பி.க்கள் துறைமுக அமைச்சகத்தை அணுகலாம். அதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.