குளிர்சாதனம் காட்டும் பிழைக்குறி: பொருளறிந்து செயற்படுவோம்

ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பொருளாகக் கருதப்பட்ட குளிர்சாதனம் இன்று நம் தீவுகளில் எளிய குடும்பங்களிலும் இடம் பெற்றுவிட்டது. ஆண்டின் பெரும்பகுதி புழுக்கமும் ஈரமும் நிறைந்த இவ்விடத்தில், முதியோரும் கைக்குழந்தையும் உள்ள வீட்டிற்கு அஃது ஓர் ஆடம்பரமன்று. ஆனால் வாங்கிய யந்திரம் ஒரு நாள் குளிர் தராமல், தன் முகப்பில் ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் மட்டும் காட்டி நின்றுவிட்டால், நம்மில் பலர் செய்வதறியாது திகைக்கிறோம். அந்தக் குறியின் பொருள் என்ன, அதைக் கண்டவுடன் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பதை இங்கே காண்போம்.

நானறிந்த ஓர் இல்லத்தில் சென்ற ஐப்பசி மாதம் நிகழ்ந்ததை முதலில் கூறுகிறேன். மூச்சுத் தொல்லையால் படுக்கையிலிருந்த மூதாட்டியின் அறையில் குளிர்சாதனம் திடீரென நின்றது. வந்து பார்த்த மெக்கானிக், "அம்மா, போர்டு போய்விட்டது, சென்னையிலிருந்துதான் வர வேண்டும்" என்றார். விலையோ அவ்வீட்டாரின் மாத வருமானத்தில் பெரும்பங்கு. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து அது வந்து சேரும் வரை மூதாட்டியின் நிலை என்னாவது என்று வீட்டார் கலங்கினர். பணம் அனுப்புமுன் வேறொரு மின் பணியாளரை அழைத்துக் காட்டினார்கள். அவர் உட்பெட்டியிலிருந்து வெளிப்பெட்டிக்குச் செல்லும் கம்பியைத் தொடர்ந்து பார்த்தார். நடுவழியில் முறுக்கி ஒட்டுப் போட்ட ஓரிடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கம்பியை ஒட்டில்லாமல் புதிதாக மாற்றியதும் யந்திரம் ஓடத் தொடங்கியது. போர்டு பழுதாகவே இல்லை!

முதல் மெக்கானிக்கைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. குறி ஒன்றைக் கண்டவுடன் உறுப்பு ஒன்றைக் குற்றவாளியாக்கிவிடும் வழக்கத்தைத்தான் சுட்டுகிறேன். பிழைக்குறி என்பது நோயின் பெயரன்று, நோயின் அடையாளம். காய்ச்சல் என்றால் உடல் சுடுகிறது என்றுதான் பொருளே தவிர, எதனால் சுடுகிறது என்பதை வைத்தியர் நாடி பார்த்தே அறிய வேண்டும். அவ்வாறே "செய்தி வரவில்லை" என்று யந்திரம் கூறினால், அனுப்புகிறவன் பழுதா, பெறுகிறவன் பழுதா, இடையிலுள்ள பாதை பழுதா என்பதை மனிதன்தான் ஆராய வேண்டும்.

குறிகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை அல்ல என்பதையும் உணர வேண்டும். உட்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே செய்தித் தொடர்பு அற்றுப் போனதை டைக்கின் யந்திரம் 'யு4' என்றும், எல்.ஜி. யந்திரம் 'சி.எச்.05' என்றும், கிரீ யந்திரம் 'ஈ6' என்றும் காட்டுவது வழக்கம். இதற்கு மாறாக, 'ஈ1' என்ற ஒரே குறி கிரீயின் பல மாதிரிகளில் வாயு அழுத்தம் மிகுந்ததையும், மிடியாவின் பல மாதிரிகளில் செய்தித் தொடர்பு அற்றதையும் குறிக்கிறது. ஆகவே அண்டை வீட்டார் சொல்லும் பொருளை நம் யந்திரத்திற்கு ஏற்றுதல் பிழை. யந்திரத்துடன் வந்த சிறு நூலைப் பத்திரப்படுத்தி வைத்தலே அறிவுடைமை.

இனி, மின்சாரம் சார்ந்த பிழைகளில் அடிக்கடி நேர்வன மூன்று.

முதலாவது, மின்னழுத்தக் கோளாறு. நம் தீவுகள் இந்தியப் பெருநாட்டின் மின் வலையோடு இணைக்கப்பட்டவை அல்ல. மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் யந்திரங்களால் இங்கேயே உற்பத்தியாகிறது. வட அந்தமானில் 2001-ஆம் ஆண்டு முதல் கல்போங் நீர்மின் நிலையம் 5.25 மெகாவாட் திறனுடன் துணை நிற்கிறது. 2020-இல் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய ஒளி நிலையம் ஒன்றும் அமைந்தது. எனினும் சிறு வலையில் ஒரு யந்திரம் நின்றாலோ, புயற்காற்றில் ஒரு மரம் கம்பியின் மேல் சாய்ந்தாலோ, அதன் அதிர்ச்சி நம் வீட்டுச் சுவிச்சு வரை வந்து சேரும். 230 வோல்ட்டாக இருக்க வேண்டியது மிகத் தாழ்ந்தாலும் மிக உயர்ந்தாலும் இன்வர்ட்டர் வகை யந்திரம் தன்னைக் காத்துக் கொள்ளக் குறி காட்டி நின்றுவிடும். இதில் யந்திரத்தின் குற்றம் எதுவுமில்லை. எந்த அளவு வரை தாங்கும் என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். நூலில் கண்டு, தேவையாயின் தக்க ஸ்டெபிலைசர் வைத்துக் கொள்க.

இரண்டாவது, செய்தித் தொடர்புக் கோளாறு. மேலே கூறிய இல்லத்தில் நிகழ்ந்தது இதுவே. பல மாதிரிகளில் செய்தி தனிக் கம்பியில் சென்று நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்புகிறது. ஆதலால் நியூட்ரல் திருகாணி தளர்ந்தாலும், கம்பிகள் இடம் மாறினாலும் இதே குறிதான் தோன்றும். கடற்காற்றின் உப்பு செம்பைக் களிம்பேற்றும் நம் ஊரில், போர்டை ஐயுறுமுன் ஒட்டுகளையும் திருகாணிகளையும் ஐயுறுவதே முறை. வெளிப்பெட்டிக்குள் புகுந்த பல்லியும் எறும்பும்கூடச் சில வேளைகளில் மின்தடத்தைக் கெடுத்துவிடுகின்றன.

மூன்றாவது, வெப்பமறியும் சென்சார். சிறு மணி போன்ற இவ்வுறுப்பு சூடேறச் சூடேறத் தன் மின்தடையைக் குறைத்துக் கொள்ளும். பல மாதிரிகளில் 25 பாகை வெப்பத்தில் 10 கிலோ ஓம் இருக்கும். வேறு அளவுடையனவும் உண்டு. மெக்கானிக் அதைப் போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரில் இணைத்து, உள்ளங்கையில் பொதிந்து பிடித்தால் எண் மெல்லக் குறைய வேண்டும். குறையாமல் நின்றாலோ, தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்டினாலோ சென்சார்தான் பழுது. போர்டின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறிது.

இனி, வீட்டார் செய்யத்தக்கவை. குறி தோன்றியதும், யந்திரத்தை அணைக்குமுன் அதைத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். விளக்கு மட்டும் கண் சிமிட்டினால் எத்தனை முறை என்று எண்ணுங்கள். பின்பு மெயின் சுவிச்சை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். குறி திரும்பவில்லையெனில் அது பெரும்பாலும் மின்னழுத்தத்தின் தற்காலிகக் குறும்பே. திரும்பி வருமாயின் மேலும் மேலும் அணைத்துப் போட்டு யந்திரத்தை வதைக்க வேண்டாம். எம்.சி.பி. சுவிச்சு தானே விழுந்து, போட்டதும் மறுபடி விழுந்தால், அதைக் கையால் அழுத்திப் பிடிப்பதும், பெரிய அளவுள்ளதாக மாற்றுவதும் வீட்டிற்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒன்றை மட்டும் உறுதியாக வேண்டிக் கொள்கிறேன். வெளிப்பெட்டியின் மூடியை வீட்டிலுள்ள எவரும் திறக்கலாகாது. இன்வர்ட்டர் யந்திரத்தின் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரம் சேர்ந்திருக்கும். சுவிச்சை அணைத்த பின்னும் சில நிமிடங்கள் அது உயிரோடிருக்கும்; தொட்டவர் உயிரை வாங்கவும் வல்லது. "படித்த பையன்தானே, பார்த்துக் கொள்வான்" என்று பிள்ளைகளை ஏவாதீர்கள். நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. சுவிச்சும் வீட்டில் இருக்கின்றனவா என்று இன்றே விசாரியுங்கள்.

மெக்கானிக் வந்ததும் மரியாதையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள்: "ஐயா, வோல்ட் அளந்தீர்களா? கம்பி ஒட்டுகளைப் பார்த்தீர்களா? சென்சாரைச் சோதித்தீர்களா?" மூன்றுக்கும் ஆம் என்ற பிறகு போர்டு மாற்றச் சொன்னால் நம்பலாம். மாற்றிய பழைய போர்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி நம் தீவுகளை எட்டிய பிறகு, குறியையும் மாதிரி எண்ணையும் படமெடுத்துத் தாய்நாட்டிலுள்ள உறவினருக்கோ நிறுவனத்தார்க்கோ நொடியில் அனுப்பிக் கேட்கும் வசதியும் கிடைத்துள்ளது.

1902-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் என்னும் பொறியியலறிஞர் இக்கருவியை வகுத்தது, ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரம் தாளைக் கெடுத்ததை நீக்குவதற்காகவே. ஈரத்தை வெல்லப் பிறந்த யந்திரத்தை ஈரமும் உப்புமே வெல்லும் இடத்தில் நாம் வாழ்கிறோம். ஆகவே ஆண்டுதோறும் மழை தொடங்குமுன் ஒரு முறை, திறமையுள்ள மெக்கானிக்கைக் கொண்டு ஒட்டுகளைச் சோதித்து, திருகாணிகளை இறுக்கி, வெளிப்பெட்டியின் தகடுகளை நன்னீரால் கழுவச் செய்யுங்கள். மாதிரி எண், வாங்கிய தேதி, தோன்றிய குறி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி யந்திரத்தின் அருகே ஒட்டி வையுங்கள். அடுத்த முறை குறி தோன்றும்போது நீங்கள் திகைக்க மாட்டீர்கள். கடல் கடந்து வந்து ஈட்டிய பொருளும் வீணாகாது.