பனங்கொட்டை போதும்

தரம் ஒன்றிலேயே புலமைப்பரிசில் வினாத்தாள் தேடும் பெற்றோர் நம்மிடையே உண்டு. 1999 கல்விச் சீர்திருத்தமோ சின்ன வகுப்புகளுக்கு விளையாட்டையும் செயற்பாட்டையும் எழுத்துவேலையோடு சேர்த்தே வைத்தது. யாழ்ப்பாணத்தில் அதற்குச் செலவில்லை, பனங்கொட்டை போதும்.

பத்துப் பத்தாக அடுக்கினால் கணிதம். சூப்பிய கொட்டையின் தும்பை வாரி, முகம் வரைந்தால் சித்திரம். மண்ணில் புதைத்து, சில மாதங்களில் கிழங்கு கிண்டினால் சுற்றாடல். அதை அவிக்காமல் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இது தமிழ்ப் பாடம்.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளை பெற்று, மீண்டும் சோனகத்தெருவுக்கு வந்த குடும்பங்களில் இச்சொற்கள் மூத்தவர்களிடமே தங்கியிருக்கின்றன. ஆகவே வீட்டுவேலை ஒன்று: “உம்மம்மாவிடம் பனங்காய்ப் பணியாரம் சுடுவது எப்படியென்று கேட்டு வா.” பிள்ளை கொண்டுவரும் நாலு வரிக்குப் புள்ளி போடவேண்டாம், வகுப்பில் வாசிக்கவிடுங்கள்.