இரட்டை எழுத்துக் காசா? லென்ஸ் வைத்துப் பாருங்கள்!

வெள்ளறடை:

"உங்களிடம் உள்ள ஒரு ரூபாய்க்கு மூன்று லட்சம்" என்ற ஆசை வார்த்தை வெள்ளறடை, பனச்சமூடு, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் செல்போன் வழியே வந்து சேர்கிறது. ரப்பர் பால் வெட்டுகிறவரானாலும் சரி, கடையில் கணக்கு எழுதுகிறவரானாலும் சரி, உண்டியலைக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றத்தான் செய்யும். அதில் எழுத்து இரட்டையாகத் தெரியும் காசு ஒன்று அகப்பட்டுவிட்டால் அன்றைய தூக்கம் போயிற்று!

எழுத்து இரட்டித்த நாணயத்துக்கு மதிப்பு இருப்பது உண்மை. 1955-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் ஒரு சென்ட் காசு இப்படி அச்சாகிவிட்டது. ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரிந்தன. 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை நல்ல காசுகளோடு கலந்து வெளியே போய்விட்டன. சிகரெட் பாக்கெட்டில் பாக்கிச் சில்லறையாக வைத்துக் கொடுக்கப்பட்ட அந்தக் காசு ஒன்றுக்கு இன்று ஆயிரம் டாலருக்கு மேல் கொடுக்க ஆள் உண்டு.

கோளாறு எங்கே?

நாணயம் அடிக்கும் அச்சு உருக்கினால் ஆனது. மூல அச்சை அதன் மேல் வைத்து அழுத்தித்தான் எழுத்தையும் உருவத்தையும் பதிப்பார்கள். பழைய முறையில் ஒரே அழுத்தில் ஆழமாகப் பதியாது. எனவே அச்சைச் சூடாக்கி இளக்கி, மறுபடியும் அழுத்துவார்கள். இரண்டாவது தடவை இம்மி விலகினாலும் அச்சிலேயே எழுத்து இரட்டையாகிவிடும். பிறகு அந்த அச்சில் அடிக்கும் காசு அத்தனையிலும் அதே இரட்டிப்பு, அதே இடத்தில், அதே திசையில் இருக்கும். கோளாறு அச்சினுடையது, காசினுடையது அல்ல.

நம் கையில் அகப்படுவது பெரும்பாலும் இதுவல்ல. அடிக்கும்போது அச்சு சற்றே ஆடினால், பதிந்த எழுத்தின் ஓரத்தை அது நசுக்கிவிடும். அதுவும் இரட்டை எழுத்துப் போலத்தான் தெரியும். இந்த இயந்திர ஆட்டக் காசுகள் ஏராளம். ஒரு ரூபாய்க் காசு என்றால் ஒரு ரூபாய்தான் பெறும்.

இரண்டையும் பிரித்தறிய வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் செருகும் லென்ஸ் போதும். பத்து மடங்கு காட்டுவதாக இருந்தால் நல்லது. காசை விளக்கின் கீழ் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அச்சிலேயே இரட்டித்ததென்றால் எழுத்து தடித்திருக்கும். இரண்டு உருவும் உருண்டு திரண்டு மேலெழும்பி நிற்கும். எழுத்தின் முனை மீன்வால் போல் பிளந்திருக்கும். ஆட்டக் காசில் எழுத்து மெலிந்திருக்கும். பக்கத்தில் தட்டையாக, பளபளப்பாக, படிக்கட்டு போல் ஒரு தளம் தாழ்வாக இருக்கும். தடித்ததா, மெலிந்ததா என்ற ஒரு கேள்வியிலேயே முக்கால் பங்கு காசுகள் கழிந்துவிடும்.

அச்சு தேய்ந்து போனாலும் எழுத்து நிழல் தட்டும். அதுவும் கணக்கில் வராது. ஒரே காசு இருமுறை அடிபடுவதோ வேறு ரகம். அதில் முழு உருவமே இடம் மாறிப் பதிந்திருக்கும்.

வட்டமும் நட்சத்திரமும்

ஆண்டுக்குக் கீழே உள்ள சிறு குறியைப் பிழை என்று எண்ணுகிறவர்களும் உண்டு. நட்சத்திரம் ஐதராபாத்தையும், வைரக் குறி மும்பையையும், வட்டப் புள்ளி நொய்டாவையும் குறிக்கும். குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. 10 ரூபாய் நாணயத்தில் அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது.

எல்லையோரத்துப் பழைய வீட்டுப் பெட்டிகளில் திருவிதாங்கூர் காசுகள் இன்னும் கிடக்கின்றன. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று பாட்டிமார் கணக்குச் சொன்ன காலத்துச் சங்கு முத்திரைக் காசுகள் அவை. பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் விரும்புவதில்லை. இருந்த மதிப்பும் போய்விடும்.

விலை கேட்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காசை வாங்குகிறவன்தான் பணம் தருவான். ஏமாற்றுக்காரனோ முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு கமிஷன் என்று நம்மிடமே கேட்பான். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்வான். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குப் பங்கே இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. ஒரு வாரக் கூலியை முன்பணமாக அனுப்பும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவை ஆகிவிட்டன. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும். பஸ் கண்டக்டர் வாங்குவாரா என்பது வேறு விஷயம்.