காலியாகக் கிடந்த கண்ணாடிப் பெட்டிகள்

 

கொரோனா காலத்தில் நமது அறக்கட்டளைக்கு மூன்று ஆக்சிஜன் கருவிகள் நன்கொடையாக வந்தன. இன்று ஒன்று மட்டுமே வீடுகளுக்குப் போய் வருகிறது. மற்ற இரண்டும் அலுவலகத்தின் பின்னறையில் துணி போர்த்திக் கிடக்கின்றன. அவற்றின் வடிகட்டியைக் கழுவி மாட்ட யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. மின்சாரம் ஏறி இறங்கும் வீடுகளில் அவை ஓடுமா என்றும் பார்க்கவில்லை. கொடுத்தவர்களின் நிய்யத்தில் குறையில்லை. வாங்கி வைத்த நாங்கள்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. "இதை எந்த வீட்டில், யார், எப்படிப் பயன்படுத்தப் போகிறார்கள்?" என்பதே அந்தக் கேள்வி. அதைத் தேடிப்போய்க் கேட்ட நான்கு மாணவர்களின் வரலாற்றை இந்த இதழில் சொல்ல விரும்புகிறேன்.

2007-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழை மக்களுக்கான பொருள்களை வடிவமைக்கும் பாடம் ஒன்றில் ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர் ஆகிய நால்வரும் ஒரே குழுவில் சேர்ந்தார்கள். நால்வரில் ஒருவர்கூட மருத்துவ மாணவர் அல்லர். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டரை மிகக் குறைந்த விலையில் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணி. நம் ஊரில் "கண்ணாடிப் பெட்டி" என்கிறோமே, அதுதான். அன்றைக்கு அதன் விலை சுமார் 20,000 டாலர்.

அந்தப் பெட்டி எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-இல் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. இக்குழந்தைகளின் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் நமக்கு இதமாக இருக்கும் அறைகூட அவர்களுக்குக் குளிர்தான். உடல் குளிர்ந்தால், வளர்வதற்கு வேண்டிய சக்தியெல்லாம் சூட்டைக் காப்பதிலேயே செலவாகிவிடும். பால் குடிக்கும் தெம்பு குறையும், மூச்சு தடுமாறும், நோய்த்தொற்று எளிதில் பற்றும், உயிருக்கே ஆபத்தாகும்.

மாணவர்கள் நினைத்திருந்தால் பெட்டியின் பாகங்களை ஒவ்வொன்றாக மலிவாக்கி, வகுப்பில் காட்டி மதிப்பெண் வாங்கியிருக்கலாம். ஆனால் லைனஸ் லியாங் நேபாளத்துக்குப் புறப்பட்டுப் போனார். காத்மாண்டு மருத்துவமனையில் அவர் கண்டது வியப்பாக இருந்தது. நன்கொடையாக வந்த பெட்டிகள் இருந்தன, அவற்றில் பல காலியாகவே கிடந்தன. அவை தேவைப்பட்ட குழந்தைகள் தொலைதூர மலைக் கிராமங்களில் பிறந்தன. அவை மருத்துவமனை வந்து சேரும் முன்பே காலம் கடந்துவிடும் என்று அங்கிருந்த மருத்துவர் விளக்கினார்.

அங்கேதான் கேள்வி மாறியது. "பெட்டியை எப்படி மலிவாக்குவது?" என்பது போய், "மின்சாரம் நம்பகமாக இல்லாத கிராமத்தில் ஒரு தாய் தன் குழந்தையை எப்படிச் சூடாக வைத்துக்கொள்வாள்?" என்று ஆனது.

அதற்கு அவர்கள் கண்ட விடை, குழந்தையைச் சுற்றி மூடும் ஒரு சிறு பை. அதன் முதுகுப் பக்கம் மெழுகு போன்ற பொருள் அடைத்த உறை ஒன்று இருக்கும். சர்பத்தில் போட்ட பனிக்கட்டி கடைசித் துண்டு கரையும்வரை சர்பத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறதல்லவா? அதன் மறுபக்கம்தான் இது. அந்த மெழுகைச் சூடாக்கி உருக்கிவிட்டால், மெல்ல உறையும்போது வெப்பத்தைச் சீராக வெளிவிடும். உடல் சூடான 37 டிகிரி அளவிலேயே 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் மின்சாரம் தேவையில்லை. ஆறிய பின் மறுபடி சூடாக்கிக்கொள்ளலாம். தாய் குழந்தையைக் கையில் ஏந்திக்கொள்ளவும் முடியும்.

2008-இல் "எம்ப்ரேஸ்" என்ற பெயரில் அமைப்பைத் தொடங்கிய குழுவினர், இந்தியாவுக்கு வந்து பெங்களூரில் தங்கி வேலையைத் தொடர்ந்தார்கள். இங்கும் கேட்பதை நிறுத்தவில்லை. தொடக்கத்தில் பையில் வெப்ப அளவை எண்களில் காட்டினார்கள். ஒரு கிராமத்துத் தாய், 37 வரை சூடாக்கச் சொன்னால் தான் 30 வரைதான் சூடாக்குவேன் என்றார். ஆங்கில மருந்து வீரியம் அதிகம் என்று நம் வீடுகளிலும் அரை மாத்திரை கொடுப்பதில்லையா, அதே எண்ணம்தான். அந்தத் தாயை அவர்கள் பழிக்கவில்லை. எண்களை எடுத்துவிட்டு, சூடு போதுமா போதாதா என்பதை மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். ஒரு தாயின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டதால் ஓர் ஆபத்தான குறை நீங்கியது.

இந்தப் பையைவிடப் பழைய, செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் தவித்தபோது, எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கச் செய்தார். இதைக் கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். நாள்தோறும் 8 முதல் 24 மணி நேரம் வரை, முடிந்த அளவு அதிகமாக இப்படி வைத்திருக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. தாய்க்கு முடியாத நேரத்தில் வாப்பாவோ நன்னியோ அணைத்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை இவை. பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்ட அவசரப்படாதீர்கள், 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பதே மருத்துவ ஆலோசனை. ஈரத்தைத் துடைத்து, தலைக்குக் குல்லாய் போடுங்கள். வெந்நீர் பாட்டிலைக் குழந்தையின் அருகில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். எடை 2.5 கிலோவுக்குக் குறைந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, உள்ளங்கால் சில்லென்று இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108 வண்டியில் போகும்போதும் குழந்தை நெஞ்சோடு ஒட்டியே இருக்கட்டும்.

நிறைவாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சென்ற மாதம் கல்வி உதவி கேட்டு வந்த மாணவி ஒருவர், முதியவர்கள் மாத்திரையை மாற்றிச் சாப்பிடாமலிருக்கத் தம்மிடம் ஒரு யோசனை இருப்பதாகச் சொன்னார். அருகிலிருந்த வாப்பா, "முதலில் மார்க் எடும்மா" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு வருந்தினேன். "நம் தெருவில் பத்து வீடுகளுக்குப் போய், பெரியவர்கள் மாத்திரையை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு வாம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு இப்போது அப்படியே சொல்லியனுப்பியிருக்கிறேன். அவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், உட்கார வைத்துப் பேசுங்கள்.

பின்னறையில் கிடக்கும் அந்த இரண்டு கருவிகளையும் இம்மாதமே பழுது பார்க்கக் கொடுக்கிறோம். இனி எதை வாங்குவதானாலும், பயன்படுத்தப் போகிறவர்களிடம் கேட்ட பிறகே வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.

செயலாளர்