பலகைக்கு மேலே தங்கும் கரி

கனடாவின் ஒன்ராறியோவில் பழைய செங்கல் வீடு வாங்குகிறவர்களுக்குச் சில சமயம் வரவேற்பறையில் ஒரு விறகடுப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. முன்பு திறந்த கணப்பாக இருந்த செங்கல் குழிக்குள், கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பைச் செருகியிருப்பார்கள். இதுதான் இன்சர்ட். திறந்த கணப்பில் விறகின் சூடு பெரும்பாலும் புகைபோக்கி வழியாகவே போய்விடும். நல்ல இன்சர்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் வீட்டுக்குக் கிடைக்கும். அதனாலேயே மேலே போகிற புகையில் சூடு குறைவு. சூடு குறைந்த புகை குழாய்ச் சுவரில் ஒட்டத் தொடங்கும்.

குழாயின் உட்புறம் சுமார் 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால், புகையில் இருக்கும் நீராவியும் தார் ஆவியும் குளிர்ந்து படியும். இந்தப் படிவுக்கு கிரியோசோட் என்று பெயர். முதல் நிலையில் அது விரலால் தட்டினாலே உதிரும் கரித்தூள். அடுத்தது, பளபளப்பான கெட்டிச் செதில்கள். கடைசி நிலையில் இறுகிய கருப்பட்டிப் பாகு மாதிரி சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தூரிகை ஒன்றும் செய்யாது. தீப்பற்றினால் குழாய்க்குள் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டக்கூடும். அடைப்பினால் புகை வீட்டுக்குள் திரும்பினாலோ, கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் உயிரை எடுத்துவிடும். படிவு 3 மில்லிமீட்டர் தடித்துவிட்டாலே சுத்தம் செய்துவிட வேண்டும்.

அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ 211 தரநெறி ஆண்டுக்கு ஒரு முறையாவது புகைபோக்கியைச் சோதிக்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால் வசந்தத்தில், அடுப்பை நிறுத்தியவுடனே செய்துவிடுவது நல்லது. கோடையின் ஈரக்காற்று பட்டால் கரி நாறும், அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும்.

முதலில் உச்சியில் உள்ள மூடியைப் பாருங்கள். குழாயிலேயே அதிகம் குளிரும் இடம் அதுதான். அங்கே வலை இருந்தால் குழாய்க்கு முன்பே அடைத்துக்கொள்ளும். கதவைத் திறந்ததும் புகை அறைக்குள் வந்தால் முதல் சந்தேகம் இந்த வலை மேல்தான் விழ வேண்டும். கூரை செங்குத்தாக இருந்தாலோ பனி உறைந்திருந்தாலோ நீங்களே ஏற வேண்டாம்.

செங்கல் புகைபோக்கிக்குள், அடுப்பிலிருந்து உச்சி வரை வளையக்கூடிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்று இறங்கியிருக்க வேண்டும். பெரும்பாலும் 6 அங்குல விட்டம். இதற்கு அதே அளவில் பிளாஸ்டிக் இழைத் தூரிகை போதும்; கம்பித் தூரிகை எஃகைக் கீறிவிடும். துரப்பணத்தில் மாட்டிக் கீழிருந்தே சுழற்றும் தண்டுகளும் கிடைக்கின்றன. திருகி இணைக்கும் தண்டு என்றால் எப்போதும் கடிகார முள் போகும் திசையிலேயே சுழற்றுங்கள். மாற்றிச் சுழற்றினால் இணைப்பு கழன்று, தூரிகை குழாய் நடுவிலேயே நின்றுவிடும்.

பலர் கோட்டைவிடுவது இனிமேல்தான். இன்சர்ட்டின் நெருப்பறைக்கு மேலே, காற்றுத் துளை போட்ட குழாய்களின் மீது ஒரு தடுப்புப் பலகை படுத்திருக்கும். புகை அதைச் சுற்றிக்கொண்டுதான் மேலே போக முடியும். பலகையை எடுக்காமல் தூரிகையை இறக்கினால், உதிர்ந்த கரி முழுக்க அதன் தலையில் போய்க் குவியும். குழாய் சுத்தமாகிவிட்டதென்று நம்பி அடுப்பை மூட்டுவீர்கள். உண்மையில் புகை போகும் வழி முன்பைவிடக் குறுகியிருக்கும், அந்தக் கரியும் அங்கேயே கனன்று எரியலாம். ஆகவே பலகையை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் அது வெர்மிகுலைட்டாலோ பீங்கான் இழையாலோ ஆனது, எளிதில் உடையும். இரு கையாலும் தூக்கி, சாய்த்து, மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். பிறகு கைப்பேசியை உள்ளே நீட்டி மேல்நோக்கிப் படம் எடுங்கள். வளைவுகளில் என்ன ஒட்டியிருக்கிறது, எஃகு எங்கே நசுங்கியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும்.

1970, 80களில் பொருத்திய சில அடுப்புகளுக்கு உள்குழாயே கிடையாது. புகை நேராகச் செங்கல் அறைக்குள் போய் அடுப்பின் பின்னால் கரியைக் குவிக்கும். அடுப்பையே வெளியே இழுத்தால்தான் சுத்தம் செய்ய முடியும். அது கனத்த இரும்பு. தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கனடாவில் விறகடுப்பு வேலைக்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்றவரைக் கூப்பிடுங்கள். காப்புறுதி நிறுவனங்களும் பெரும்பாலும் அவர்களுடைய அறிக்கையைத்தான் கேட்கும். புகைபோக்கி ஒரு முறை தீப்பற்றியிருந்தால், கேமரா விட்டுச் சோதிக்கும்வரை அடுப்பைத் தொடவே கூடாது.

முகமூடியும் கையுறையும் கட்டாயம். புகைபோக்கி துடைத்த தொழிலாளருக்கு வந்த புற்றுநோய்க்குக் காரணம் கரிதான் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இலேயே எழுதிவிட்டார்.

விழுந்த கரியைக் கொட்டுமுன் கவனியுங்கள். உலர்ந்த தூளாக இருந்தால் சரி. மினுங்கும் செதில்கள் நிறைய இருந்தால் விறகு ஈரம், அல்லது காற்றுவழியை அடைத்து இரவெல்லாம் புகையவிட்டிருக்கிறீர்கள். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் ஈரமானியை வையுங்கள்: 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஓக் விறகுக்கு அதற்கு இரண்டு ஆண்டுகூட ஆகும்.

முடிந்ததும் பலகையைப் பழையபடி பொருத்துங்கள். இடைவெளி விட்டால் தீ நேராகக் குழாய்க்குள் ஏறும். கதவு விளிம்பில் ஒரு தாள் துண்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் கதவைச் சுற்றியுள்ள கயிற்றை மாற்ற வேண்டும்.